அமெரிக்க ரெசிடென்சி: உங்கள் விண்ணப்பத்தை எந்த வரிசையில் பார்க்கிறார்கள்?

எம்.பி.பி.எஸ். முடித்து அமெரிக்காவில் ரெசிடென்சி எனும் மருத்துவமனைப் பயிற்சிக்கு முயலும் பலர், உரிமத் தேர்வு மதிப்பெண் வந்ததும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். மதிப்பெண் தாண்டவைப்பது முதல் கட்டத்தை மட்டுமே. தேர்வுக் குழு பார்க்கும் வரிசையிலேயே தயாராகுங்கள்.

1. வடிகட்டல்: செப்டம்பரில் 'ஈராஸ்' தளம் வழியே விண்ணப்பங்கள் குவியும். பல மருத்துவமனைகள் கணினியிலேயே முதலில் சலித்துவிடும். உரிமத் தேர்வின் முதல் படியான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரி முதல் மதிப்பெண் கிடையாது. தேர்ச்சியா, தோல்வியா என்பது மட்டும்தான். அதனால் ஸ்டெப் 2 சிகே மதிப்பெண்ணே பெரிதாகப் பார்க்கப்படுகிறது. பட்டம் பெற்ற ஆண்டும் விசாவும் அடுத்தவை. எச்-1பி விசாவுக்கு ஸ்டெப் 3 தேறியிருக்க வேண்டும், ஜே-1க்குத் தேவையில்லை. கட்டணம் கட்டுமுன் ஒவ்வோர் இடத்தின் நிபந்தனையையும் படித்துவிடுங்கள்.

2. பரிந்துரைக் கடிதங்கள்: ஓரிடத்துக்கு நான்கு வரை அனுப்பலாம். அமெரிக்க மருத்துவமனையில் உங்கள் வேலையை நேரில் பார்த்த மருத்துவர் எழுதியதற்கு மதிப்பு அதிகம். கடிதத்தைப் படிக்கும் உரிமையை விட்டுக்கொடுங்கள். அப்போதுதான் அதை நம்புவார்கள்.

3. அனுபவங்கள்: பத்து வரை குறிப்பிடலாம், அவற்றில் மூன்றை முக்கியமானவையாகக் காட்டலாம். 'ஹவுஸ் சர்ஜனாகப் பல துறைகளில் பணியாற்றினேன்' என்று எழுதினால் யார் மனத்திலும் நிற்காது. எந்த வார்டு, என்ன பொறுப்பு, என்ன மாறியது என்று எழுதுங்கள். எழுதிய எதையும் நேர்காணலில் கேட்பார்கள்.

4. நேர்காணல்: அக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை, பெரும்பாலும் காணொளியில் நடக்கும். நள்ளிரவுப் பணியில் இவரை நம்பி நோயாளியை விடலாமா, சொன்னால் கேட்பாரா என்று எடைபோடுவார்கள். அங்குள்ள ரெசிடென்ட்களின் கருத்தும் சேரும். தோல்வியோ இடைவெளியோ இருந்தால் காரணத்தை இரண்டே வாக்கியத்தில் சொல்லி, பிறகு செய்ததை விளக்குங்கள்.

5. தரவரிசை: நீங்களும் மருத்துவமனைகளும் தனித்தனியே பட்டியல் தருவீர்கள், கணினி பொருத்தும். அந்தக் கணக்கு விண்ணப்பதாரரின் விருப்பத்துக்கு முன்னுரிமை தருவது. எனவே 'இங்கே கிடைக்குமா' என்று கணக்குப் போடாமல், உண்மையான விருப்ப வரிசையையே கொடுங்கள். போக மனமில்லாத இடத்தைச் சேர்க்காதீர்கள். கிடைத்துவிட்டால் சேர்ந்தே ஆக வேண்டும்.

இடம் கிடைத்ததா என்பது மார்ச் மூன்றாம் வாரத் திங்களன்று தெரியும். எந்த இடம் என்பது வெள்ளியன்று. கிடைக்காதவர்களுக்கு அதே வாரத்தில், நிரம்பாத இடங்களுக்கான 'சோப்' சுற்று உண்டு. அதற்கான கடிதங்களையும் முன்பே தயாராக வையுங்கள்.