ரத்தப் பரிசோதனையும் 99 சதவீதமும்

நம் சங்க இதழில் மருத்துவக் கட்டுரைகளை மருத்துவர்கள் எழுதுவதுதான் வழக்கம். 35 வருடம் தண்டவாளத்தோடு வாழ்ந்து ஓய்வுபெற்ற ஒரு டிப்ளமோக்காரன் கர்ப்பப் பரிசோதனையைப் பற்றி எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நான் எழுதப்போவது வைத்தியம் அல்ல, கணக்கு. அந்தக் கணக்கு புரியாமல் நம் பிள்ளைகள் சிலர் தவிப்பதைப் பார்த்ததால் எழுதுகிறேன். ஊராக இருந்தால் அம்மாவோ அத்தையோ ஆஸ்பத்திரிக்குக் கூடப் போவார்கள். இங்கே நாக்பூரில் கணவனும் மனைவியும் மட்டும் போய், டாக்டர் ஐந்து நிமிடத்தில் பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் சொல்வதைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். பிறகு இரவு முழுவதும் தூக்கமில்லை.

பரிசோதனையின் பெயர் என்.ஐ.பி.டி. கர்ப்பப்பைக்குள் ஊசி செலுத்தாமல், தாயின் கையில் எடுக்கும் ரத்தத்தை மட்டும் வைத்துக் கருவின் குரோமோசோம்களைக் கணிப்பது. 1997-இல் டென்னிஸ் லோ என்ற விஞ்ஞானியும் அவருடன் ஆக்ஸ்போர்டில் பணிபுரிந்தவர்களும், கர்ப்பிணியின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. துண்டுகள் மிதப்பதைக் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2011 முதல் இது ஆஸ்பத்திரிப் பயன்பாட்டுக்கு வந்தது. இப்போது நம் ஊர் லேபுகளிலும் ரத்தம் எடுத்து அனுப்புகிறார்கள்.

இது வேலை செய்யும் விதம் ஒரு பொறியாளன் ரசிக்கக்கூடியது. தாயின் ரத்தத்தில் மிதக்கும் துண்டுகளில் பெரும்பங்கு தாயுடையதுதான். கருவின் பங்கு சராசரியாகப் பத்தில் ஒன்று. இரண்டையும் பிரித்தெடுப்பதில்லை. எல்லாத் துண்டுகளையும் படித்து, எது எந்தக் குரோமோசோமைச் சேர்ந்தது என்று எண்ணுகிறார்கள். 21-ஆம் குரோமோசோம் எல்லோருக்கும் இரண்டுதான் இருக்க வேண்டும். கருவுக்கு மூன்று இருந்தால் அதுதான் டௌன் சிண்ட்ரோம். அப்போது கருவின் பங்கு மட்டும் ஒன்றரை மடங்காகும். வழக்கமாக அந்தக் குரோமோசோமிலிருந்து 1000 துண்டுகள் வருகிற இடத்தில் 1050 வரும். அவ்வளவுதான் வித்தியாசம்! கருவின் பங்கு 4 சதவீதம்தான் என்றால் 1020 தான் வரும். அதைப் பிரித்தறிவது கடினம். அதனால்தான் 10 வாரம் முடிவதற்கு முன் இந்த ரத்தத்தை எடுப்பதில்லை. தாயின் எடை அதிகமாக இருந்தாலும் கருவின் பங்கு குறைவாகத் தெரியும். 'முடிவு சொல்ல இயலவில்லை, மறுபடி ரத்தம் தாருங்கள்' என்று லேபிலிருந்து வரும். (வாரக் கணக்கு கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. இதிலேயே பலர் குழம்புகிறார்கள்.)

18, 13 ஆகிய குரோமோசோம்களில் வரும் கூடுதலையும் இதே முறையில் பார்க்கிறார்கள். அவை இன்னும் அரிதானவை, இன்னும் கடுமையானவை.

இனி கணக்குக்கு வருகிறேன். விளம்பரத் தாளில் '99 சதவீதம் துல்லியம்' என்று போட்டிருக்கும். அது பொய்யில்லை. டௌன் சிண்ட்ரோம் உள்ள 100 கருக்களில் 99-ஐ இது கண்டுபிடித்துவிடும் என்பது அதன் பொருள். ஆனால் கையில் 'ஹை ரிஸ்க்' என்று ரிப்போர்ட் வைத்திருக்கும் பெண்ணின் கேள்வி அதுவல்லவே! 'என் குழந்தைக்கு இருக்கிறதா?' என்பதுதான் அவள் கேள்வி. இதற்கு விடை 99 அல்ல.

25 வயதுப் பெண்கள் 10,000 பேரை எடுத்துக்கொள்வோம். அந்த வயதில் சுமாராக 1250-க்கு ஒரு குழந்தைக்கு டௌன் சிண்ட்ரோம் இருக்கும். அதாவது 10,000-க்கு 8. பரிசோதனை அந்த 8-ஐயும் பிடித்துவிடும் என்றே வைப்போம். மீதி 9,992 பேருக்கு ஒன்றுமில்லை. ஆனால் ஆயிரத்தில் ஒருவருக்குத் தவறாக மணி அடித்தால்கூட அதில் 10 பேர் அகப்படுவார்கள். ஆக 'ஹை ரிஸ்க்' என்று கடிதம் பெற்றவர்கள் 18 பேர். உண்மையில் குறை உள்ளது 8 பேருக்கு. பாதிக்கும் குறைவு!

அதே கணக்கை 40 வயதுக்குப் போடுங்கள். அந்த வயதில் நூறில் ஒருவருக்கு வரும். 10,000-க்கு 100, பிடிபடுவது 99. தவறான மணி அதே 10. மொத்தம் 109-இல் 99 உண்மை, அதாவது 91 சதவீதம். பரிசோதனை ஒன்றுதான், லேபும் ஒன்றுதான். வயது மாறினால் அதே 'ஹை ரிஸ்க்' என்ற சொல்லின் எடை மாறிவிடுகிறது. 18, 13 குரோமோசோம்களுக்கு இந்த எடை மேலும் குறைவு. மாறாக 'லோ ரிஸ்க்' என்று வந்தால் அதைப் பெரிதும் நம்பலாம். மேலே போட்ட கணக்கிலேயே தவறிப்போவது 10,000-க்கு ஒன்றைத் தாண்டவில்லை பாருங்கள்.

தவறான மணி ஏன் அடிக்கிறது? கருவின் டி.என்.ஏ. என்று நாம் சொல்வது உண்மையில் நஞ்சுக்கொடியிலிருந்து வருகிறது. குழந்தையும் நஞ்சும் ஒரே கருவிலிருந்து உண்டானவை என்றாலும், சில சமயம் கூடுதல் குரோமோசோம் நஞ்சில் மட்டும் இருக்கும், குழந்தையிடம் இருக்காது. இரட்டைக் கருவில் ஒன்று ஆரம்பத்திலேயே கரைந்துபோயிருந்தாலும் கணக்கு குழம்பும். லேபின் கவனக்குறைவு என்று உடனே சண்டைக்குப் போக வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் ஒரு தம்பதிக்கு இப்படி ரிப்போர்ட் வந்தது. அந்தப் பெண்ணுக்கு 26 வயது. ஊரிலிருந்து போன் மேல் போன். 'எதற்கு வம்பு, கலைத்துவிடுங்கள், அடுத்ததைப் பார்த்துக்கொள்ளலாம்' என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். "அங்கிள், நீங்க இன்ஜினியர்தானே, இந்த நம்பரைப் பாருங்க" என்று அவள் தாளை நீட்டினாள். மேலே எழுதிய கணக்கைத்தான் போட்டுக் காட்டினேன்.

அப்போது எனக்குத் தோன்றியதைச் சொல்கிறேன். ரயில்வேயில் அல்ட்ராசோனிக் கருவியைத் தண்டவாளத்தின் மேல் தள்ளிக்கொண்டு போவோம். உள்ளே விரிசல் இருப்பதாக எதிரொலி காட்டினால் பெயிண்ட் அடித்து, அந்த இடத்தில் வண்டிகளின் வேகத்தைக் குறைத்து, இரண்டொரு நாளில் அந்தத் துண்டையே எடுத்துப் போட்டுவிடுவோம். சில சமயம் எடுத்த துண்டை வெட்டிப் பார்த்தால் சொல்லும்படி ஒன்றும் இருக்காது. யாரும் வருந்துவதில்லை. புதுத் துண்டு போட்டாயிற்று, ரயில் ஓடுகிறது. சந்தேகத்தின் பேரில் செயல்படுவதுதான் அங்கே சரி. போனில் பேசிய பெரியவர்களும் அந்த விதியைத்தான் கர்ப்பத்துக்குப் பொருத்துகிறார்கள். இங்கே அது செல்லாது. 26 வயதில் வந்த ஒரு 'ஹை ரிஸ்க்'கை நம்பிக் கலைத்தால், இரண்டில் ஒன்று குறையில்லாத குழந்தையாக இருக்கும்.

செய்ய வேண்டியது உறுதிப்படுத்தும் பரிசோதனை. 11-லிருந்து 13-ஆம் வாரத்துக்குள் நஞ்சிலிருந்து சிறிது திசு எடுப்பார்கள். அல்லது 15, 16-ஆம் வாரத்துக்கு மேல் பனிக்குட நீரை ஊசியால் எடுப்பார்கள். நஞ்சில் மட்டும் கோளாறு இருக்கலாம் என்பதால் பல மருத்துவர்கள் பனிக்குட நீரையே விரும்புகிறார்கள். ஊசியினால் கரு கலையும் அபாயம் உண்டு. பழக்கப்பட்ட கையில் அது 200-க்கு ஒன்றைவிடக் குறைவு என்கிறார்கள். அந்தத் தம்பதி மரபணு ஆலோசகரைப் பார்த்துவிட்டு அந்தப் பரிசோதனைக்குப் போனார்கள். முடிவு என்ன என்பது அவர்கள் வீட்டு விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை. டௌன் சிண்ட்ரோம் என்று உறுதியான பிறகும் குழந்தையைப் பெற்று வளர்க்கத் தீர்மானிப்பவர்கள் இருக்கிறார்கள். இருதயக் கோளாறு ஏறக்குறைய பாதிப் பேருக்கு இருக்கும், படிப்பு மெதுவாக வரும். ஆனாலும் நல்ல மருத்துவமும் பயிற்சியும் கிடைத்தவர்கள் வளர்ந்து, வேலைக்கும் போகிறார்கள். எந்த முடிவானாலும் அது அந்த இருவருடையது.

இந்தப் பரிசோதனை எதைப் பார்ப்பதில்லை என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். முதுகெலும்பு, இருதயம் போன்றவற்றின் அமைப்புக் குறைகளை இது காட்டாது. அதற்கு 18-லிருந்து 20 வாரத்தில் எடுக்கும் ஸ்கேன்தான். நம்மவர்களிடையே மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்தில் கல்யாணம் இன்னும் நடக்கிறது. அதனால் வரக்கூடிய பரம்பரை நோய்கள் பெரும்பாலும் ஒற்றை மரபணுவில் ஏற்படுபவை. வழக்கமான என்.ஐ.பி.டி. அவற்றைத் தேடுவதே இல்லை. தலசீமியாவும் அப்படியே. அதற்குக் கணவன் மனைவி இருவரும் முன்கூட்டியே ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம், செலவும் மிகக் குறைவு. விதர்பாவில் சிக்கிள் செல் நோய் பரவலாக உண்டு. இங்குள்ளவர்களோடு சம்பந்தம் செய்துகொண்ட நம் குடும்பங்களுக்கும் இந்தப் பரிசோதனை பொருந்தும்.

இன்னொரு கேள்வி. 'அமெரிக்காவில் என் அக்காவுக்கு ஆணா பெண்ணா என்று இதே ரிப்போர்ட்டில் சொன்னார்களே, எங்களுக்கு ஏன் சொல்வதில்லை?' நம் நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடை செய்கிறது. 2003-இல் அது மேலும் கடுமையாக்கப்பட்டது. சொல்பவருக்கு மட்டுமல்ல, கேட்டு அலைபவருக்கும் சிறைத் தண்டனை உண்டு. லேபில் பழக்கமான ஆள் இருக்கிறார் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

கடைசியாக நாள் கணக்கு. 10 வாரம் முடிந்து ரத்தம் கொடுத்தால் ரிப்போர்ட் வர ஒன்றிரண்டு வாரம். பனிக்குட நீர் 16-ஆம் வாரத்தில் எடுத்தால் முழு முடிவுக்கு மேலும் இரண்டு மூன்று வாரம். ஆக 19-ஆம் வாரம் ஆகிவிடும். கர்ப்பம் கலைப்பதற்கான சட்ட வரம்பு பொதுவாக 20 வாரம்; 2021 திருத்தத்தின்படி குறிப்பிட்ட சில நிலைகளில் உள்ள பெண்களுக்கு 24 வாரம்; கருவுக்குக் கடுமையான குறை என்று மாநில மருத்துவக் குழு முடிவு செய்தால் வார வரம்பு இல்லை. ஆனால் அந்தக் குழுவிடம் போய் நிற்பது லேசான காரியம் அல்ல. ஆகவே இந்தப் பரிசோதனை செய்வதென்று முடிவெடுத்தவர்கள் 11, 12-ஆம் வாரத்திலேயே ரத்தம் கொடுத்துவிடுங்கள். ரத்தம் கொடுக்கிற அன்றே, 'ஹை ரிஸ்க் என்று வந்தால் அடுத்து எங்கே, யாரிடம்?' என்று டாக்டரிடம் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.