கையை எடுத்தபின் வரும் எண்

பள்ளி விடுமுறை விட்டால் பாபநாசத்திலிருந்து குறுக்குத்துறை வரை தாமிரபரணிப் படித்துறைகளில் பிள்ளைகள் கூட்டம்தான். தண்ணீரில் மூழ்கிய பிள்ளைக்கு முதலில் நிற்பது மூச்சு; இதயம் அதற்குப் பின்னால்தான் நிற்கும். அதனால் கரையில் இருப்பவர்கள் நெஞ்சை அமுக்கினால் மட்டும் போதாது, மூச்சும் ஊத வேண்டும். 108 வந்து, பிள்ளை மானிட்டர் உள்ள அறைக்குப் போய்ச் சேர்ந்ததும் அடுத்த கட்டம் தொடங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும் குழந்தைக்குத் திடீரென்று இதயம் நின்றாலும் இதே கதைதான். இந்தக் குறிப்புகள் அந்த அறையில் நிற்கும் செவிலியருக்கும் பயிற்சி மருத்துவருக்கும்.

1. அடிப்படை. நிமிடத்துக்கு 100 முதல் 120 அமுக்கு. ஆழம் நெஞ்சின் மூன்றில் ஒரு பங்கு. கைக்குழந்தைக்குச் சுமார் 4 செ.மீ., வளர்ந்த பிள்ளைக்கு 5 செ.மீ. இருவர் இருந்தால் 15 அமுக்குக்கு 2 மூச்சு. மூச்சுக்குழலில் குழாய் போட்டபின் 2–3 விநாடிக்கு ஒரு மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாற வேண்டும். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் மேலே படிக்க வேண்டும்.

2. கேப்னோகிராஃபை மாட்டுங்கள். விரலில் மாட்டிய பல்ஸ் ஆக்சிமீட்டரை இந்த நேரத்தில் யாரும் நம்பக் கூடாது. வெளிமூச்சில் வரும் கார்பன் டை ஆக்சைடுதான் சாட்சி: நுரையீரலுக்கு ரத்தம் போனால்தான் அது வெளியே வரும். 20 மி.மீ.க்கு மேல் வைத்திருக்கப் பாருங்கள். 10க்குக் கீழே போனால் அமுக்குவதில் கோளாறு என்று கொள்ளலாம். அலையே வரவில்லையென்றால் குழாய் உணவுக்குழலில் கிடக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பதற்றத்தில் அம்பு பேக்கை விடாமல் பிழிபவர் ஒருவர் எங்கும் இருப்பார். அவராலும் எண் இறங்கும். பைகார்பனேட் கொடுத்தால் கொஞ்ச நேரம் எண் ஏறும், அது பொய் ஏற்றம். எதுவும் கொடுக்காமலே சட்டென்று 35, 40 என்று தாவினால் இதயம் திரும்பியிருக்கலாம்.

3. தடுக்கி விழும் இடம். தமனியில் ஏற்கெனவே லைன் இருந்தால் ரத்த அழுத்தத்தின் கீழ் எண்ணை, அதாவது டயஸ்டாலிக்கைப் பாருங்கள். லைன் இல்லையென்றால் அதைப் போடுவதற்காக அமுக்குவதை நிறுத்தக் கூடாது.

மேல் எண் 90ஐத் தொட்டதும் அறையே நிம்மதிப் பெருமூச்சு விடும். ஆனால் இதயத் தசைக்கு ரத்தம் பாய்வது பெரும்பாலும் கையை எடுத்திருக்கும் அந்தக் கணத்தில்தான். அந்த நேரத்து அழுத்தம் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 25, அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு 30 மி.மீ. இருக்க வேண்டும். அமெரிக்கத் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 164 குழந்தைகளைக் கவனித்து 2018இல் வெளியான ஆய்வில், இந்த அளவை எட்டிய குழந்தைகள் பிழைத்து வீடு திரும்புவது அதிகமாக இருந்தது.

மானிட்டர் எழுதிக் காட்டும் எண்ணை அப்படியே வாங்கிக்கொள்ளாதீர்கள். அலையைப் பாருங்கள், கையை எடுத்த இடைவெளியின் நடுப்பகுதி எந்த உயரத்தில் நிற்கிறது என்று படியுங்கள். அதற்கு முன் டிரான்ஸ்டியூசர் அக்குளின் நடுக்கோட்டு மட்டத்தில் இருக்கிறதா என்று ஒரு பார்வை. முதுகுக்குப் பலகை வைக்கும்போது பிள்ளை உயர்ந்துவிடும், டிரான்ஸ்டியூசர் ஸ்டாண்டிலேயே நிற்கும். 10 செ.மீ. கீழே இருந்தால் சுமார் 7 மி.மீ. கூட்டிக் காட்டும், உண்மையில் 22 இருப்பது திரையில் 29 ஆகிவிடும். லைனின் குழாயில் கடுகளவு காற்றுக்குமிழி நின்றாலும் அலை மழுங்கிப்போகும்.

4. டயஸ்டாலிக் எண் குறைந்தால் வரிசை இதுதான். முதலில் கை. களைத்தவர் நெஞ்சின் மேல் சாய்ந்தே நிற்பார். இரண்டு அமுக்குக்கு நடுவே நெஞ்சு முழுசாக எழும்பாது. "சார், 18தான் காட்டுது" என்று சிஸ்டர் சொல்ல, "கையை முழுசா எடுத்து அமுக்குடே" என்று மூத்தவர் குரல் கொடுக்க, அடுத்த சில அமுக்கிலேயே எண் ஏறுவதுண்டு. பிறகு ஆழம், வேகம், பலகை, ஆள் மாற்றம். அதன்பின் மூச்சு. அதன்பின்தான் மருந்து: அட்ரினலின் எடையில் ஒரு கிலோவுக்கு 0.01 மி.கி., முதல் டோஸ் 5 நிமிடத்துக்குள், பிறகு 3–5 நிமிடத்துக்கு ஒருமுறை. அதற்கும் அசையவில்லையா? ரத்த இழப்பு, நெஞ்சுக்கூட்டில் காற்று, இதயத்தைச் சுற்றி நீர் என்று காரணத்தைத் தேட வேண்டும்.

அரை நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணை உரக்கப் படிக்க ஒரே ஒரு ஆள். அவருக்கு வேறு வேலை தரவே கூடாது. தலைமை தாங்குபவர் அந்த ஆளாக இருக்கவும் கூடாது.

எண்ணுக்கு ஓர் எல்லையும் உண்டு. 18 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் படுக்கையருகே பயிற்சியும், எண்களை வைத்துப் பின்கலந்தாய்வும் நடத்திப் பார்த்த சோதனை 2022இல் வெளியானது. நரம்புப் பாதிப்பின்றிப் பிழைத்தவர்களின் விகிதம் குறிப்பிடும்படி உயரவில்லை. ஆகவே எண் ஒன்றை மட்டும் காட்டி முயற்சியைக் கைவிடக் கூடாது.

5. ஷிப்ட் மாறும்போது. கேப்னோகிராஃப் அடாப்டர் குழந்தைக்குரிய அளவில் அம்பு பேக் பக்கத்திலேயே இருக்கிறதா, லைனை ஜீரோ செய்தாயிற்றா, முதுகுப்பலகை கட்டிலடியில் கைக்கு எட்டுமா? பெரியவர்களுக்கான அடாப்டர் கிடந்தால் அப்போதே மாற்றிவிடுங்கள்.