மக்கரோனி பக்கார்: அடுக்களையில் ஒரு பாடம்



நோன்புப் பெருநாளன்று நம் மலாக்கா மாநிலத்தின் ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ் போன்ற ஊர்களில் மலாய் நண்பர்களின் இல்லங்களுக்குச் செல்கிறோம். அங்கே ரெண்டாங், கெத்துப்பாட் ஆகியவற்றுடன், சதுரத் துண்டுகளாக நறுக்கிய மக்கரோனி பக்காரையும் பல வீடுகளில் காணலாம். 'பக்கார்' என்னும் மலாய்ச் சொல்லுக்குச் சுடுதல் என்பது பொருள். இத்தாலி நாட்டு உணவு, நம் கறித்தூளின் மணம் பெற்று மலேசியப் பலகாரமாகிவிட்டது. வரும் தீபாவளிக்கு நாமும் இதனைச் செய்து நண்பர்களுக்கு அளிக்கலாம் அன்றோ?

மக்கரோனி நமக்கு அந்நியமானதன்று. கடினக் கோதுமை ரவையை நீர்விட்டுப் பிசைந்து, அச்சில் அழுத்தி, உலர்த்திச் செய்வது அது. சேமியாவின் உடன்பிறப்பு எனலாம்.

தேவையான பொருள்கள்: மக்கரோனி 250 கிராம், கொத்திய கோழியிறைச்சி 300 கிராம், பெரிய வெங்காயம் 2, பூண்டு 4 பல், தக்காளி 2, இறைச்சிக் கறித்தூள் 2 மேசைக்கரண்டி, முட்டை 4, பால் 300 மில்லிலிட்டர், துருவிய சீஸ் 150 கிராம், எண்ணெய், உப்பு.

செய்முறை: இரண்டரை லிட்டர் உப்புநீரைக் கொதிக்கவைத்து மக்கரோனியை இடுக. உறையில் குறித்த நேரத்திற்கு 2 நிமிடம் முன்னரே வடித்துவிடுக. எஞ்சிய வேக்காடு பாலை உறிஞ்சி நிறைவேறும். வெங்காயம், பூண்டை வதக்கி, நீரில் குழைத்த கறித்தூள், இறைச்சி, தக்காளி சேர்த்து நீர் வற்றும்வரை கிளறுக. நீர் தங்கினால் முட்டை இறுகாது. இறைச்சியை மக்கரோனியுடன் கலந்து ஆறவிட்டு, பாலில் அடித்த முட்டையையும் பாதிச் சீஸையும் சேர்க்கவும். சூட்டோடு ஊற்றினால் முட்டை திரிந்துவிடும். எண்ணெய் தடவிய தட்டில் பரப்பி, மீதிச் சீஸைத் தூவி, 180 பாகை வெப்பத்தில் ஏறத்தாழ 40 நிமிடம் சுடுக. நடுவில் குத்திய கத்தி ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது. 15 நிமிடம் ஆறிய பின்னரே நறுக்குக.

ஏன் இவ்வாறு இறுகுகிறது? வெப்பத்தால் முட்டையின் புரதம் கெட்டியாகி, செங்கற்களைச் சாந்து பிணைப்பதுபோல் அனைத்தையும் பிணைக்கிறது. உள்ளே ஈரம் இருப்பதால் வெப்பம் 100 பாகையைத் தாண்டுவதில்லை. மேற்பரப்போ உலர்ந்து, மேலும் சூடேறிப் பொன்னிறமாகிறது. ஓவன் இல்லாத வீட்டில் தட்டை மூடி ஆவியில் வேகவைக்கலாம். பொன்னிறம் வாராது, ஆயினும் நன்கு இறுகும்.

இனி முக்கியமான செய்தி. பாலைச் சீஸாக உறையவைக்கும் ரென்னெட் என்னும் பொருளைக் கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுப்பர், நுண்ணுயிர்களிலிருந்தும் பெறுவர். மாட்டிறைச்சி உண்ணாத நம் வீட்டுப் பாட்டிக்கும், ஹலால் உணவு மட்டுமே உண்ணும் நண்பருக்கும் இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடு. ஆகவே உறையைப் படித்து வாங்குவோம். இறைச்சியையும் ஹலால் கடையிலேயே வாங்குவோம். என்ன சேர்த்தோம் என்பதை மறைக்காமல் கூறுவோம். சமைத்ததை வெளியில் 2 மணி நேரத்திற்குமேல் வைக்கலாகாது. நம் நாட்டு வெப்பத்தில் கிருமிகள் விரைந்து பெருகும்.

சிறுவர்கள் பெரியவர் துணையின்றி அடுப்பை அணுகலாகாது. கொத்துதலும் துருவுதலும் பெரியவர் பணி. அளத்தலும் உறையைப் படித்தலும் நம் பணி. உண்பவரின் மனமறிந்து படைப்பதே உண்மையான விருந்தாகும்.