கேள்வி – பதில்: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு உதவ

கேள்வி: புளியந்தீவில் பிறந்து இப்போது லண்டனில் வாழ்கிறேன். மட்டக்களப்புப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவ விருப்பம். பெரிய நிறுவனத்துக்குக் கொடுப்பதா, எங்களூரார் நடத்தும் சிறிய அமைப்புக்கா?

பதில்: சிறிய அமைப்புக்கே கொடுங்கள். நீங்கள் பிறந்த தீவே அதற்குச் சான்று. 1814இல் அங்கு வந்த மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் மறு ஆண்டே இறந்துபோனார். அதற்குள் அவர் தொடங்கிய சின்னப் பள்ளிக்கூடம்தான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி.

இன்றைய தேவைகளும் சிறியவையே. இலங்கையில் 1945 முதல் இலவசக் கல்வி. பாடநூலையும் சீருடையையும் அரசே தருகிறது. பிள்ளையைப் படிக்கவிடாமல் மறிப்பது மற்றச் செலவுகள்: சப்பாத்து, கொப்பி, பஸ் காசு, ரியூசன் கட்டணம். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ஒரு பிள்ளைக்குச் சைக்கிள் வேண்டும். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு உயர்தரக் கணித வகுப்புக்குக் காசு வேண்டும். ஆண்டுத் தொடக்கத்திலேயே திட்டத்தை எழுதி முடித்துவிடும் பெரிய நிறுவனத்துக்கு இந்த வேறுபாடு தெரிவது கடினம். அதிபரோடு நேரே பேசும் சிறு அமைப்போ அடுத்த கிழமையே சைக்கிளை வாங்கிக் கொடுத்துவிடும். வெள்ளம் வந்து புத்தகம் நனைந்தாலும் அப்படித்தான்.

ஆனால் நடத்துபவர் களைத்தால் சிறு அமைப்பு நின்றுவிடவும் கூடும். பாதியில் கைவிடப்பட்ட பிள்ளையின் நிலை மிகக் கொடியது. ஆகவே பதிவையும் கணக்கையும் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளின் படத்தை முகநூலில் போட்டுப் பணம் திரட்டுபவர்களுக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையை ஏற்றால் உயர்தரம் முடியும்வரை தாங்குங்கள்.