மெல்பர்னில் ஹோம்ஸ்டேயா? வாயைத் திறந்து கேள், தங்கச்சி!

ஸ்டூடன்ட் விசா கைக்கு வந்துவிட்டது. அம்மா பருப்புப் பொடியை மூன்றாவது கவரில் போட்டுச் சுற்றிக்கொண்டிருப்பார். பேக்கிங்கிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

ஆஸ்திரேலியாவில் நுழையும்போது உணவுப் பொருள், விதை, மரச்சாமான் ஏதாவது கொண்டுவந்திருக்கிறாயா என்று கேட்பார்கள். பொடி டப்பா ஒன்றே ஒன்று இருந்தாலும் ‘ஆமாம்’ என்றே சொல். சொல்லிவிட்டுப் பையைத் திறந்து காட்டினால், ஆகாத பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். மறைத்து மாட்டினால் அபராதம், சில சமயம் விசாவே ரத்து. பச்சைக் கறிவேப்பிலையை அம்மா எந்தப் பாக்கெட்டில் ஒளித்தாலும் வெளியே எடுத்துவிடு. எலுமிச்சை, ஆரஞ்சு வகையறாவைச் சேர்ந்தது அது. அந்த மரங்களைப் பிடிக்கும் பூச்சியும் நோயும் இலையோடு உள்ளே வந்துவிடும் என்று அந்த நாடு பயப்படுகிறது, நியாயமான பயம்தான். பால்கோவா, பர்ஃபி போன்ற பால் இனிப்புகளும் வேண்டாம். மளிகைக்கு மெல்பர்னிலேயே டான்டெனாங் பக்கம் நம்மூர்க் கடைகள் இருக்கின்றன. பெட்டியில் அந்த இடத்துக்கு ஒரு நல்ல ஸ்வெட்டர் வை. ஜூலையில் போய்ச் சேர்கிறவளுக்கு அங்கே நடுக் குளிர்காலம்.

நீ தங்கப்போகும் வீட்டுக்காரர்களுக்குப் பரிசு என்றால் சென்னிமலை பெட்ஷீட்டோ கரூர் மேஜை விரிப்போ போதும். கனமில்லை, உடையாது, கஸ்டம்ஸில் கேள்வி வராது.

முதல் நாள் மாலை

ஹோம்ஸ்டே என்பது ஹாஸ்டலும் இல்லை, சித்தி வீடும் இல்லை. பணம் கொடுத்துத் தங்குகிறாய், ஆனால் அது அவர்களுடைய வீடு. இந்த இரண்டும் சேர்ந்த உறவு நமக்குப் பழக்கமில்லாததால்தான் நம் பெண்கள் பலர் வாயை மூடிக்கொண்டு கஷ்டப்படுகிறார்கள். நம் வீட்டில் விருந்தாளி ‘வேண்டாம்’ என்றால் இன்னும் ஒரு கரண்டி விழும். அங்கே ‘வேண்டாம்’ என்றால் பாத்திரத்தை மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடுவார்கள். உன்னைப் பட்டினி போடும் எண்ணம் அவர்களுக்கு இல்லை, நீ சொன்னதை மதிக்கிறார்கள். பசித்தால் பசிக்கிறது என்று சொல்.

ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிடாதே. எழுபது வயதானாலும் பெயர் சொல்லித்தான் கூப்பிடச் சொல்வார்கள். முதல் வாரம் நாக்கு கூசும், பிறகு பழகிவிடும்.

கேட்க வேண்டியதை முதல் நாளே உட்கார்ந்து கேட்டுவிடு. எந்தெந்த வேளைச் சாப்பாடு வாடகையில் சேர்த்தி? (பொதுவாக வார நாளில் காலையும் இரவும், சனி ஞாயிறில் மூன்று வேளையும். உன் ஒப்பந்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்.) துணி எந்த நாளில் துவைக்கலாம்? ஃபிரிட்ஜில் எந்தத் தட்டு எனக்கு? ராத்திரி எத்தனை மணிக்கு மேல் சத்தம் கூடாது? இந்தக் கடைசிக் கேள்வி முக்கியம். அந்த வீட்டுச் சுவர்கள் நம்மூர்ச் செங்கல் சுவர் மாதிரி இருக்காது, பலகைதான். நீ அம்மாவிடம் போனில் பேசுவதெல்லாம் அடுத்த அறையில் கேட்கும். நேர வித்தியாசம் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை ஐந்தரை மணி நேரம், மற்ற மாதங்களில் நாலரை. அம்மா ராத்திரி எட்டு மணிக்குச் சாவகாசமாகக் கூப்பிட்டால், அங்கே எந்த மாதமானாலும் நள்ளிரவு தாண்டியிருக்கும்.

பாத்ரூம் விஷயம்

யாரும் வெளிப்படையாகச் சொல்லமாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன். ஷவர் கண்ணாடிக்கு வெளியே இருக்கும் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக வழி இருக்காது. பக்கெட் வைத்து அள்ளி ஊற்றினால் ஹால் கார்ப்பெட் வரை நனையும். குளித்து முடித்ததும் மிதியடியை எடுத்துக் காயப்போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடு. இல்லையென்றால் சுவரில் பூஞ்சை பிடிக்கும். டாய்லெட்டில் பேப்பர் மட்டும்தான். ஒரு சின்ன மக்கோ பாட்டிலோ உள்ளே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டுவிடு. இந்தியப் பிள்ளைகளை வைத்திருந்த வீடு என்றால் அவர்களே புரிந்துகொள்வார்கள்.

குளியல் நேரத்துக்கும் கணக்குண்டு. 1990களின் கடைசியிலிருந்து 2009 வரை அந்தப் பக்கம் கடும் வறட்சி. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 155 லிட்டருக்குள் முடித்துக்கொள்ளுங்கள் என்று மெல்பர்ன்காரர்களை அரசே கேட்டுக்கொண்டது. அதைப் பார்த்தவர்களுக்கு ஷவர் ஓடும் சத்தம் கேட்டாலே மனம் கடிகாரத்தைப் பார்க்கும். நாலைந்து நிமிடத்தில் வெளியே வா. சென்னையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவளுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

அடுப்படியில்

காய்ந்த மிளகாய் தாளித்தால் கூரையில் இருக்கும் புகை அலாரம் தெருவுக்கே கேட்கக் கத்தும். எண்ணெய் காயும் முன்பே அடுப்புக்கு மேலே இருக்கும் ஃபேனைப் போடு, ஜன்னலைத் திற, அறைக் கதவுகளைச் சாத்து. அலாரத்தின் பேட்டரியை மட்டும் கழற்றிவிடாதே. அது உயிர் விஷயம்.

‘நான் வெஜிடேரியன்’ என்று சொல்லி நிறுத்தாதே. மீன் தின்னும் வெஜிடேரியன்களையும் அவர்கள் பார்த்திருப்பார்கள். முட்டை சாப்பிடுவாயா, மீன் ஆகுமா, கறி கிளறிய கரண்டி பரவாயில்லையா என்று பிரித்துச் சொல். சாப்பாட்டுக்கு வரமுடியாது என்றால் மத்தியானத்துக்குள்ளேயே ஒரு மெசேஜ் போட்டுவிடு. அவர்கள் சமைத்து வைத்த பிறகு ‘வெளியே சாப்பிட்டுவிட்டேன்’ என்பதுதான் எந்த ஊர் வீட்டுக்காரருக்கும் பிடிக்காத வார்த்தை.

வெளியே

விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. கூட்டிப்போக யாரும் வரவில்லை என்றால் ஸ்கைபஸ் உன்னை சதர்ன் கிராஸ் ஸ்டேஷனில் இறக்கும். பஸ், டிராம், ரயில் எல்லாவற்றுக்கும் மைக்கி கார்டு. நகர மையத்தில் டிராம் இலவசம், எல்லை தாண்டும்போது கார்டைத் தொட மறக்காதே. அவசர எண் 000. வெயில் சுள்ளென்று உறைக்காவிட்டாலும் தோலைச் சுட்டுவிடும், சன்ஸ்கிரீன் போடு. போய்ச் சேர்ந்த ஏழு நாளைக்குள் நீ தங்கும் முகவரியைக் கல்லூரிக்குத் தெரிவித்துவிடு, அது விசா நிபந்தனை.

அட்ஜஸ்ட் பண்ணாதே என்று சொல்லும் இடங்கள்

உப்பில்லாத உருளைக்கிழங்கை, சோபாவில் ஏறும் நாயை, ஏழு மணிக்கே முடிந்துவிடும் இரவுச் சாப்பாட்டை அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளலாம். கதவைத் தட்டாமல் அறைக்குள் வருவதை, ஒப்பந்தத்தில் இருக்கும் சாப்பாட்டைக் குறைப்பதை, ‘நீயும் வீட்டுப் பிள்ளைதானே’ என்று தினமும் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொல்வதைச் சகிக்கத் தேவையில்லை. முதலில் அவர்களிடமே மரியாதையாகச் சொல்லிப் பார். சரிவரவில்லை என்றால் உன்னை அங்கே சேர்த்துவிட்ட ஹோம்ஸ்டே அமைப்புக்கும், கல்லூரியின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் எழுது. என்ன நடந்தது, எந்தத் தேதி என்று குறித்துவை. ‘ஊருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்கள்’ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு செமஸ்டரைத் தள்ளாதே. காலி செய்ய எத்தனை நாள் முன்பே சொல்ல வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் அந்த வரியைப் படித்துவிடு. வீடு மாறினால் அந்தப் புது முகவரியையும் ஏழு நாளைக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும்.