பழைய அம்பாசடருக்கு மேனிபோல்டு: வாங்கும்போதும் சூட்டுத் துணி சுற்றும்போதும்

காரைக்குடிப் பக்கம் பெரிய வீட்டு ஷெட்டுகளில் இன்னும் அம்பாசடர் நிற்கிறது. படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று வீட்டார் ஊருக்கு வரும்போது மட்டும் வெளியே எடுப்பார்கள். சித்திரை வெயிலில் பிள்ளையார்பட்டி போய், சாமி கும்பிட்டுவிட்டு வந்து சாவியைத் திருப்பினால் இன்ஜின் சுற்றும், பிடிக்காது. பெட்ரோல் பம்பில் ஈரத்துணி போட்டுக் காத்திருந்த அனுபவம் பலருக்கும் இருக்கும். இந்த வண்டியின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினில் புகை போகும் மேனிபோல்டு கார்புரேட்டருக்கு நேர் கீழே இருக்கிறது. அந்தச் சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவியாகிவிடுவதுதான் காரணம். உடனே மேனிபோல்டை மாற்றவோ, அதில் சூட்டுத் துணி (சூடு பரவாமல் சுற்றும் கண்ணாடி இழைப் பட்டை) சுற்றவோ தோன்றும்.

1. முதலில் மேனிபோல்டை மாற்றத்தான் வேண்டுமா என்று பாருங்கள். காலையில் குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று சத்தம் வந்து, சூடேறியதும் அடங்கினால் கேஸ்கட்டில் கசிவு இருக்கலாம். இணைப்பில் கரி படிந்திருந்தால் சந்தேகமே வேண்டாம். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. ஷெட் கதவை மூடிக்கொண்டு இன்ஜினை ஓடவிடவே கூடாது.

2. விரிசல் இல்லாமல் வளைந்து மட்டும் இருந்தால் பழையதையே காப்பாற்றலாம். நேரான இரும்புப் பட்டையை மேனிபோல்டின் முகத்தில் வைத்துப் பாருங்கள். இடையில் தபால் கார்டு நுழைந்தால் பட்டறையில் கொடுத்து மட்டம் எடுக்க வேண்டும். காற்று உள்ளே போகும் மேனிபோல்டையும் புகை மேனிபோல்டையும் ஒரே கேஸ்கட்டும் ஒரே தடித்த வாஷர்களும் சேர்த்துப் பிடிக்கின்றன. ஒன்றை மட்டும் இழைத்தால் கனம் மாறி, ஒரு பக்கம் இறுகும், மறுபக்கம் கசியும். இரண்டையும் பூட்டியபடியே மட்டம் எடுக்கச் சொல்லுங்கள்.

3. விரிசல் விட்ட வார்ப்பிரும்பைச் சாதாரண வெல்டிங் ராடு வைத்து ஒட்டினால் பக்கத்திலேயே மறுபடி விரிசல் விடும். முன்கூட்டியே சூடாக்கி, நிக்கல் ராடு வைத்து, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவிடுகிற ஆள் கிடைத்தால் கொடுங்கள்.

4. புதிதாக வாங்குவதானால் துளையை எண்ணுங்கள். இந்த இன்ஜினில் நான்கு சிலிண்டருக்கும் புகைத் துளை மூன்றுதான். நடு இரண்டு சிலிண்டருக்கும் பொதுவாக ஒன்று. நான்கு கிளைக் குழாய் பொருந்தாது. இதே குடும்பத்து இன்ஜின் பிரிட்டனில் எம்.ஜி. கார்களிலும் இருந்ததால் அதற்கான குழாய்கள் வெளிநாட்டில் கிடைக்கும். இன்ஜின் தலையில் உட்கார்ந்தாலும் பக்கத்துப் பாகங்களில் இடிக்கலாம், அளந்துவிட்டுப் பணம் கொடுங்கள். பிற்காலத்து 1.8 இசுசு இன்ஜினுக்கு இந்தக் கணக்கு எதுவும் செல்லாது.

5. ஓட்டம் குறைந்த வண்டிக்கு என் தேர்வு பழைய வார்ப்பிரும்புதான். சத்தம் குறைவு, ஆயுள் அதிகம். குழாய் வகைதான் வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் வாங்குங்கள்.

6. வார்ப்பிரும்பு மேல் சூட்டுத் துணி சுற்றாதீர்கள். "அண்ணே, காஸ்டிங்குக்கு மூச்சு முட்டும், வெடிச்சிரும்" என்று எங்கள் மெக்கானிக் சொன்னது சரி. வெளியே போக வேண்டிய சூடு உள்ளேயே தங்கி இரும்பை விரிசல் விடச் செய்யும். சாதா இரும்புக் குழாய்க்கு வேறு ஆபத்து. தினமும் ஓடும் வண்டியில் துணியின் ஈரம் காய்ந்துவிடும். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ஐப்பசி மழை ஈரம் துணிக்குள்ளேயே தங்கும். நான் ஒரு குழாயில் சுற்றி, இரண்டு மழைக்காலம் கழித்து அவிழ்த்தபோது, துரு அடை அடையாகத் துணியோடு உரிந்து வந்தது. விரலால் அழுத்திய இடம் உள்வாங்கியது.

7. அப்படியானால் சூட்டுக்கு என்ன வழி? கார்புரேட்டருக்கும் மேனிபோல்டுக்கும் நடுவே அலுமினியத் தகடு ஒன்றை, எதையும் தொடாமல் விரல் கனம் இடைவெளி விட்டு மாட்டுங்கள். கார்புரேட்டர் அடியில் இருக்கும் பேக்கலைட் கட்டை உடைந்திருந்தால் மாற்றுங்கள். பெட்ரோல் குழாயைச் சூட்டிலிருந்து தள்ளிக் கட்டுங்கள். பெரும்பாலான வண்டிகளுக்கு இதுவே போதும்.

8. ஸ்டெயின்லெஸ் குழாயில் சுற்றத்தான் வேண்டுமென்றால்: கண்ணாடி இழைத் துணி தோலில் குத்தும், மூச்சில் போகும். கையுறை, முழுக்கைச் சட்டை, முகமூடி கட்டாயம். துணியைத் தண்ணீரில் ஊறவைத்தால் தூசி அடங்கும், இறுக்கமாகவும் சுற்ற வரும். கீழ் முனையிலிருந்து மேல் நோக்கி, ஒவ்வொரு சுற்றும் முந்தையதன் மேல் கால் அங்குலம் ஏறுகிற மாதிரி சுற்றுங்கள். ஓட்டு வீட்டுக் கூரை போலத் தண்ணீர் வழிந்துவிடும். முனைகளை ஸ்டெயின்லெஸ் பட்டையால் கட்டுங்கள், பிளாஸ்டிக் டேக் உருகிவிடும்.

9. பழைய கேஸ்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். உலர்ந்த நிலையில் சுரண்டாமல், நனைத்துச் சுரண்டி, பையில் கட்டிப் போடுங்கள். பித்தளை நட்டு போட்டால் அடுத்த முறை ஸ்டட் உடையாது. நடுவிலிருந்து இரு பக்கமும் மாற்றி மாற்றி முறுக்குங்கள். ஒரு நாள் ஓட்டி, ஆறிய பிறகு மறுபடி முறுக்குங்கள்.

10. மேனிபோல்டைக் கழற்றியிருக்கும்போதே அதற்குப் பின்னால் இருக்கும் டேப்பட் பக்க மூடியின் கேஸ்கட்டை மாற்றிவிடுங்கள். பிறகு மாற்ற நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

11. துணி சுற்றிய பின் முதல் ஓட்டத்தில் புகையும் வாடையும் வரும், திறந்த வெளியில் ஓடவிடுங்கள். அதற்குப் பிறகும் புகைந்தால் ஆயில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆயில் ஊறிய துணி தீப்பிடிக்கும். ஒரு கறை தெரிந்தாலும் இன்ஜின் ஆறியதும் அந்தத் துணியை வெட்டி எறியுங்கள்.