கழுத்தில் நெறி கட்டினால்: ஊசிப் பரிசோதனைக்குத் தயங்க வேண்டாம்



காசநோய் என்றால் இருமலும் சளியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால் நுரையீரலுக்கு வெளியேயும் அது வரும். அப்படி வரும் இடங்களில் முதன்மையானது நிணநீர்க் கணு. அதிலும் குறிப்பாகக் கழுத்துப் பகுதி. நாம் 'நெறி கட்டியிருக்கிறது' என்று சொல்வது இந்தக் கணுக்களின் வீக்கத்தைத்தான். பழைய தமிழ் வைத்தியத்தில் இதற்குக் கண்டமாலை என்று பெயர். இப்னு ஸீனா (980-1037) தமது 'அல்கானூன்' நூலில் 'கனாஸீர்' என்ற பெயரில் இத்தகைய கட்டிகளைப் பற்றி எழுதியிருக்கிறார். நோய் பழையது. அதை உறுதி செய்ய இன்று எளிய வழி இருக்கிறது.

மருத்துவ உதவி கேட்டு நம் டிரஸ்டுக்கு வரும் குடும்பங்களில், நோயைவிடத் தாமதத்தால் பட்ட துன்பமே அதிகமாக இருக்கிறது. மகளின் கழுத்தில் கட்டி என்றால் துப்பட்டாவால் மறைத்து, "நிக்காஹ் முடியட்டும், பிறகு பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறார்கள். சிலர் ஓதிப் பார்ப்பதோடும் பற்றுப் போடுவதோடும் நிறுத்திவிடுகிறார்கள். துஆச் செய்வோம், அதோடு மருத்துவமும் பார்ப்போம். மருந்து தேடுவது நபிவழி. அது தவக்குலுக்கு மாற்றமானதல்ல.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

பல்வலி, தொண்டைப் புண், தலையில் பொடுகு, பேன் தொல்லை ஆகியவற்றாலும் நெறி கட்டும். அது பெரும்பாலும் சில நாட்களில் வடிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேலும் கரையாமல் இருந்தாலும், மெல்லப் பெரிதானாலும், பல கட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும் தாமதிக்கக் கூடாது. மாலை நேரக் காய்ச்சல், இரவில் வியர்வை, எடை குறைதல் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம் தேவை. இவை எதுவும் இல்லாமல், வலியும் இல்லாமல், கட்டி மட்டும் இருப்பதும் உண்டு.

பரிசோதனை எப்படி நடக்கிறது?

இதன் பெயர் எஃப்.என்.ஏ.சி. மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சிறிதளவு செல்களை உறிஞ்சி எடுப்பார்கள். ஊசி, இரத்தம் எடுக்கும் ஊசி அளவோ அதைவிட மெல்லியதோதான். பெரும்பாலும் மயக்க மருந்து தேவையில்லை, தையலும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்து, அன்றே வீடு திரும்பலாம். கட்டி ஆழத்தில் இருந்தால் ஸ்கேனில் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுவோர் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 'ஊசி குத்தினால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்' என்ற அச்சம் தேவையற்றது.

பெண்கள் கழுத்துப் பகுதியை மட்டும் விலக்கினால் போதும். பெண் மருத்துவர் இருக்கிறாரா என்று கேளுங்கள். குடும்பத்தார் ஒருவர் உடனிருக்கட்டும். பெண் மருத்துவர் இல்லையென்றால் அதற்காகச் சிகிச்சையைக் கைவிட வேண்டியதில்லை. தேவைக்கு மார்க்கம் இடம் தருகிறது.

எடுத்ததை என்ன செய்கிறார்கள்?

ஒரு பகுதியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயமிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். காசநோய்க் கிருமியைக் காட்டும் தனிச் சாயமும் உண்டு. கணுவில் கிருமிகள் குறைவாகவே இருப்பதால் பலருக்கு அவை தகட்டில் தென்படாது. அதனால் மற்றொரு பகுதியைச் சிபிநாட் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். கிருமியின் மரபணுவைத் தேடும் இந்த இயந்திரம் சுமார் இரண்டு மணி நேரத்தில் முடிவு சொல்லும். முக்கிய மருந்தான ரிஃபாம்பிசினுக்குக் கிருமி கட்டுப்படுமா என்பதையும் காட்டும். கல்ச்சர் முறையில் கிருமியை வளர்த்துப் பார்க்கச் சில வாரங்கள் ஆகும்.

ஆகவே ஊசி போடும் முன்பே ஒரு கேள்வி கேளுங்கள்: "டாக்டர், இதைச் சிபிநாட்டுக்கும் அனுப்புவீர்களா?" கட்டியை அறுத்து எடுக்கும் பயாப்ஸியிலும் இதே கவனம் வேண்டும். எடுத்தது முழுவதையும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் கிருமி செத்துவிடும். கல்ச்சர் செய்ய முடியாது. ஒரு துண்டைச் சலைனில் தனியாக வைக்கச் சொல்லுங்கள்.

ரிப்போர்ட்டில் வரும் சொற்கள்

'கிரானுலோமா' என்றால் நோயை எதிர்க்கும் செல்கள் கூட்டமாகத் திரண்டிருக்கின்றன என்று பொருள். அதோடு 'கேசியஸ் நெக்ரோசிஸ்', அதாவது பாலாடைக்கட்டி போல் செத்த திசு, இருந்தால் காசநோய்ச் சந்தேகம் வலுக்கிறது. 'ஏ.எஃப்.பி. பாசிட்டிவ்' என்றால் கிருமியே தென்பட்டிருக்கிறது. 'ரியாக்டிவ்' என்றால் வேறு தொற்றுக்காகக் கணு வீங்கியிருக்கலாம். ஆனாலும் கட்டி வடிகிறதா என்று கவனிக்க வேண்டும். 'போதிய செல்கள் இல்லை' என்று வந்தால் மீண்டும் ஊசி தேவைப்படும்.

'நெகட்டிவ்' என்று வந்ததும் நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கட்டி கரையாவிட்டால் மறுபடியும் ஊசியோ, கணுவை முழுதாக எடுக்கும் பயாப்ஸியோ தேவைப்படலாம். கழுத்துக் கட்டி நிணநீர்ப் புற்றாகவோ, வாய், தைராய்டு போன்ற இடங்களிலிருந்து பரவிய புற்றாகவோ இருக்கவும் வாய்ப்புண்டு. சோதிக்காமல் காசநோய் மாத்திரையைத் தொடங்கினால் அத்தகையவருக்கு விலைமதிப்பற்ற மாதங்கள் வீணாகும்.

தவிர்க்க வேண்டியவை

கட்டியைக் கீறிச் சீழ் எடுக்கச் சொல்லாதீர்கள். காசநோய்க் கட்டியைக் கீறினால் புண் ஆறாமல் மாதக்கணக்கில் வடியலாம். கடையில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்காதீர்கள். அவற்றில் சில, காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி நோயை மறைத்துவிடும். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்த்துக் காசநோய் என்று சொல்லும் பரிசோதனைகளை இந்திய அரசு 2012-இல் தடை செய்துவிட்டது. கையில் போடும் மாண்டூ ஊசி, கிருமி உடலுக்குள் புகுந்திருக்கலாம் என்பதை மட்டுமே காட்டும். கட்டி காசநோயா என்று சொல்லாது.

உறுதியான பிறகு

மருந்துகள் அரசு மருத்துவமனையில் இலவசம். மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகைக்கு ஆறு மாதச் சிகிச்சை. சத்துணவுக்காக மாதம் 500 ரூபாயாக இருந்த அரசு உதவி, 2024 நவம்பர் முதல் 1000 ரூபாயாக உயர்ந்திருக்கிறது. இலவச உதவி எண் 1800-11-6666.

சிறுநீர் ஆரஞ்சு நிறமாவது மருந்தின் நிறம்தான். கண் மஞ்சளானாலோ, பார்வை மங்கினாலோ, ஓயாமல் வாந்தி வந்தாலோ உடனே டாக்டரைப் பாருங்கள். மருந்து சாப்பிடும்போதே கட்டி சற்றுப் பெரிதாவதும், புதிதாக ஒன்று தோன்றுவதும் உண்டு. டாக்டரிடம் காட்டுங்கள், நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். ரமளானில் நோன்புக்காக மாத்திரையை விட்டுவிடவும் வேண்டாம். நோயாளி நோன்பைப் பிற்படுத்த மார்க்கத்தில் சலுகை உண்டு. டாக்டரிடமும் இமாமிடமும் கேட்டு முடிவெடுங்கள்.

கணுவில் மட்டும் இருக்கும் காசநோய் பிறருக்குத் தொற்றாது. நுரையீரலிலும் இருக்கிறதா என்று மார்பு எக்ஸ்ரேயில் பார்த்துவிட்டால், தட்டையும் டம்ளரையும் பிரித்துவைக்க வேண்டிய தேவையே இல்லை. முழுச் சிகிச்சை எடுத்தவர் இன்ஷா அல்லாஹ் குணமடைந்து மற்றவரைப் போலவே மணம் முடித்து வாழலாம். மகளின் எதிர்காலத்தைக் காப்பது கட்டியை மறைப்பதல்ல, காலத்தில் காட்டுவதே.

மருத்துவமனைக்குத் துணைக்கு ஆள் இல்லாதவர்களும் பயணச் செலவுக்குச் சிரமப்படுவோரும் டிரஸ்ட் அலுவலகத்தில் சொல்லுங்கள். விவரம் வெளியே போகாது. அல்லாஹ் நம் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.